சிம்பாங் ரெங்கத்துக் கடல்

சிம்பாங் ரெங்கத்தில் கடல் கிடையாது. ஆனாலும் பிரேமளாவின் வீட்டுக்குள் மட்டும் நாள்தோறும் கடல் ஏறி வடிந்தது. சமையலறைச் சாக்கடைத் துளையில் கொப்பளித்துப் புறப்படும் தண்ணீர் முழங்கால்வரை வந்து, சில மணி நேரம் நின்று, வந்த வழியே திரும்பும். வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுகூட வெளியே போனதில்லை. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் வானவில்லாய் மின்னும். பக்கத்து வீட்டு அய்யாவு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அவர்தான் முதலில் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். “அலமாக், உப்புக் கரிக்குதும்மா. பைப்பு ஒண்ணும் உடையல, கடல்லா இது!” தண்ணீர் வாரியத்து ஆட்கள் வந்து, இது எங்கள் தண்ணீர் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

கடல் முதன்முதலில் ஏறியதற்கு முந்தின வாரம்தான் பிரேமளாவின் கணவன் விஜயேந்திரன் இறந்திருந்தான். எண்ணெய்க் கப்பலில் இஞ்சினியர். வளைகுடாவின் குறுகிய நீரிணை வழியே கச்சா எண்ணெயோடு கப்பல் வரும்போது, ஏவுகணை ஒன்று நேரே இஞ்சின் அறையில் பாய்ந்தது. மற்றவர்கள் படகில் தப்பினார்கள். அவன் உடல் கிடைக்கவில்லை. ஏவியது எந்த நாடு என்று சிம்பாங் ரெங்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் குடிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரசாங்கம் மட்டும் சொல்லவில்லை.

தலைநகரிலிருந்து சிவகணேசன் என்ற அதிகாரி ஆறுதல் சொல்ல வந்தார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பாதங்கள் தண்ணீரில் இருக்க, நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார், சுட்டது யாருன்னு பேர மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“எங்களுக்குத் தெரியும்மா. சொல்ல முடியாது. நம்ம எண்ணெயில பாதி அவங்க கொடுக்கிறது. மீதியும் அவங்க வாசல் வழியாத்தான் வருது. பேர் சொன்னா நாளைக்கே மூடிருவாங்க. அப்புறம் லாரி ஓடாது, கரெண்டு இருக்காது. அறிக்கையில ‘ஒரு சம்பவம்’னு போட்டிருக்கோம்.”

“எங்க வீட்டுக்காரர் செத்தது சம்பவமா சார்?”

அவர் சுருட்டிய கால்சட்டையை இன்னும் கொஞ்சம் மேலேற்றிக்கொண்டார். தண்ணீர் வடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இந்த வீடு, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாமே அந்த எண்ணெய் கொடுத்த சம்பளம்தான் என்பது பிரேமளாவுக்கும் தெரியும். அதனால் அவள் சத்தம்போட்டு யாரையும் திட்டவில்லை.

சண்டை ஓயவில்லை. தூரத்து நாடுகள் தங்கள் எண்ணெய்க் கப்பல்களைக் காக்கப் போர்க்கப்பல்களை அனுப்பின. அவற்றைக் காக்க இன்னும் சில போயின. நீரிணையில் தாக்குதல் நடந்தால் பிரேமளாவின் வீட்டில் தண்ணீர் ஜன்னல்வரை ஏறும். சமாதானப் பேச்சு என்றால் கணுக்காலுக்கு இறங்கும். தொலைக்காட்சிக்கு முன்பே ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும். லாரிக்காரர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, விலை ஏறுமுன் டீசல் போட ஓடுவார்கள். சாஆ என்ற ஊரில் இருக்கும் தங்கை நிர்மலாதேவி, தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்துக்கொண்டே இருந்தாள்.

“எப்படிலா வர்றது?” என்றாள் பிரேமளா. “கடல் எடுத்தத கடல்தானே கொண்டாரணும். நான் இல்லாத நேரத்துல அவர் வந்துட்டா?”

மூன்றாம் ஆண்டில், ஒரு முற்பகலில், கூடத்துத் தண்ணீரில் ஓர் ஆள் குப்புற மிதந்து வந்தான். பிரேமளா கணவனின் பெயரைக் கூவிக்கொண்டு பாய்ந்து புரட்டினாள். அது விஜயேந்திரன் இல்லை. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். கருகிய சட்டையின் தோளில், யாரும் பெயர் சொல்லாத அந்த நாட்டின் சின்னம். கழுத்தில் தாயத்து. தலைமுடியைப் பிடித்து உலுக்கி, “எங்கடா அவரு?” என்று கத்தினாள். பிறகு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை அழுதாள்.

போலீஸ் வந்து உடலை எடுத்துப் போனது. தங்கள் சிப்பாய் எவரும் காணாமல் போகவில்லை என்று அந்த நாடு பதில் அனுப்பியது. அவன் தங்களவன் என்று ஒப்புக்கொண்டால், நீரிணையில் ஏவுகணை ஏவியதும் தாங்களே என்றாகிவிடும். நம் அரசாங்கமும் மறுபடி கேட்கவில்லை. சிவகணேசன்தான் தொலைபேசியில் சொன்னார்.

“அப்ப எங்கிட்டயே கொடுத்திருங்க சார். என் வீட்டுக்கு வந்த புள்ள. நான் பாத்துக்கிறேன்.”

தாயத்தில் இருந்த அரபு ஓதலைப் பார்த்து, பள்ளிவாசல் இமாம் ரொஸ்லி அடக்கம் செய்ய ஒப்புக்கொண்டார். குழியருகே உட்கார்ந்து ஓதும்போது இறந்தவனை ‘இன்ன தாயின் மகனே’ என்று அழைக்க வேண்டும். தாய் யாரென்று தெரியாதவன் ஹவ்வாவின் மகன். இமாம் அப்படியே அழைத்தார். இடுகாட்டு வேலிக்கு வெளியே, அய்யாவுக்குப் பக்கத்தில் நின்ற பிரேமளா, “ஹவ்வான்னா யாரு?” என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் அம்மாவாம்” என்றார் அய்யாவு.

அக்கரையில் ஏதோ ஒரு பெண்ணின் வீட்டுக்குள்ளும் கடல் ஏறிக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண் விஜயேந்திரனைக் குளிப்பாட்டியிருப்பாளா? பெயர் தெரியாமல் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்?

அதன் பிறகும் கடல் வந்தது. சில சமயம் ஆட்களும் வந்தார்கள். ஒரு மீனவர், ஒரு கப்பல் சமையல்காரர், எந்த ஊரென்றே கண்டுபிடிக்க முடியாத ஒரு பெண். விஜயேந்திரன் மட்டும் வரவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் துணிக்கடையில் பிரேமளா படியேறும்போதே பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியை வெட்டத் தொடங்குவார்கள். ஆணா, பெண்ணா என்று மட்டும் கேட்பார்கள்.