பார்ப்பார் என்னும் சொல்லுக்கு நாற்பத்தோர் அட்டைகள்

ஆறு வளைந்து திரும்பும் அந்நகரின் கூரைகளெல்லாம் காலை மழையில் குளித்தெழுந்து இளவெயிலில் தலை துவட்டிக்கொண்டிருந்த வேளையில், கடைத்தெருவின் இரைச்சலுக்கும் பள்ளி மணியின் ஓசைக்கும் நடுவே, சந்தைக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட வாய்பேசா மனிதரைப் போல ஒதுங்கி நின்றது அகரமுதலி நிலையம். அதன் மாடியறையில், சுவரை மறைத்து நின்ற மரப்பேழைகளுக்குள், ஏட்டினின்றும் மாந்தர் வாயினின்றும் திரட்டிய சொற்களெல்லாம் அட்டைகளாய் உறங்கின. அன்புடையீர், அங்கே சொல் தொகுத்த ஒருத்தியின் நெஞ்சம் அன்று பட்ட பாட்டைச் சொல்கிறேன். சற்றே செவி தாருங்கள்.

சொல் ஒவ்வொன்றையும் யார், யாரை நோக்கி, எங்கே சொன்னார் என்று அட்டையில் குறித்து எண்ணிட வேண்டும். பேழையில் இட்ட அட்டையை எவரும் நீக்கலாகாது. இவை அந்நிலையத்தின் கட்டளைகள். அவள் எழுதும் பொருளுரைகளைச் செம்மை என்னும் சிவப்பு மையால் அடித்துத் திருத்துபவர், பார்ப்பனக் குடியில் பிறந்த முதியவர் ஒருவர். ‘செம்மைக்காரர்’ என்று அவருக்குப் பெயரிட்டவளே அவள்தான். அவள் கணவன் நோயுற்றுக் கிடந்த ஆறு திங்களும், ஒருவருக்கும் சொல்லாமல் அவள் பங்கையும் சேர்த்து எழுதி முடித்த கை அவருடையது.

அன்று அவள் பிரித்த கட்டு, ‘பார்ப்பார்’. முதல் அட்டைகளில் பழம்பாடல்கள் அச்சொல்லை மதிப்போடு தாங்கி நின்றன. உடன் வந்த ‘அந்தணர்’ என்னும் சொல்லுக்கு உரைகாரர் தண்ணளி உடையவர் என்று பொருள் விரித்து, அப்பெயர் பூண்டாரை வணங்கச் சொல்லியிருந்தனர். காலம் செல்லச் செல்ல, வணங்கிய முதுகு வலிக்கத் தொடங்கிற்று. வணக்கம் முணுமுணுப்பாகி, முணுமுணுப்பு மேடையேறி, விகுதியும் மரியாதையும் உதிர்ந்து, அதே சொல் எறிகல்லாய்ப் பறந்தது. இவ்வாறு படி இறங்கி வந்தவள், நாற்பத்தோராம் அட்டையில் தன் வாய்மொழியையே கண்டாள்.

‘பாப்பான் புத்தி வேற எப்படி இருக்கும்?’ சொன்னவர், சொல் தொகுப்பவள். சொல்லப்பட்டவர், செம்மைக்காரர். ஏழாண்டுக்கு முன் தன் உரை முழுவதையும் அவர் அடித்த வெகுளியில், நிலையத்து ஏடுகளைத் தைத்து நூலாகக் கட்டுபவளிடம் அவள் கொட்டியது அது. கட்டளை தவறாத அப்பேதை, அன்றே அதை அட்டையாக்கிப் பேழையில் இட்டுவிட்டாள்.

அவர் இதைப் படித்தால் இருபதாண்டு நட்பு இன்றோடு போயிற்று என்றெண்ணி, அட்டையை முந்தானைக்குள் மறைத்து, மீதி அட்டைக் கட்டை அவரிடம் அனுப்பினாள்.

உச்சிப்பொழுதில் அவரே வந்து நின்றார்.

“நாப்பத்தொண்ணு காணலையேம்மா.”

அவள் முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள். படித்தவர் முகம் மாறவில்லை.

“இதுவா? அன்னிக்கே கேட்டேன். கதவு தெறந்துதானே இருந்துச்சு.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீ திருப்பிக் கேப்பியே. உங்க ஆளுங்கள எங்க வீட்ல என்னன்னு சொல்லுவோம்னு கேட்டா, நான் எங்க போய் முழிக்கிறது?”

அருகில் அமர்ந்து வெற்றட்டை ஒன்றை எடுத்து, அவர் ஒரு சொல் எழுதினார். அதை இங்கே எழுத என் கை கூசுகிறது. அதனடியில் அவர் குறித்தது: ‘கேட்ட இடம், என் வீடு. சொன்னவர், நான், பத்து வயதில். சொல்லப்பட்டவர், எங்கள் துணி வெளுத்தவர்.’

“அந்தணர்னாங்க, தலை கனத்துப்போச்சு. அந்தக் கனத்துலதான் இதெல்லாம் சொன்னோம். அப்புறம் எங்களை வைதாங்க, சுருங்கிப்போனோம். நடுவுல நான்னு ஒருத்தன் இருக்கேன், அவனை நீதான் பேர் வச்சுக் கூப்பிட்ட.”

“நான் சொன்ன இந்த வரியை விட்டுடட்டுமா, செம்மைக்காரரே?”

“விடக்கூடாது. ரெண்டு அட்டையும் இருக்கட்டும்.”

மாலையில் அவள் பொருளுரையை எழுதினாள். மதிப்புப் பொருளை முதலிலும் இழிபொருளை இறுதியிலும் வைத்து, அதனடியில், எந்த அகரமுதலியும் ஏலாத ஒரு குறிப்பைச் சேர்த்தாள்: ‘வெகுளியிற் சொல்வது; சொன்னவள் பின்னர் வருந்தினாள்.’

மிகையான ஓர் எழுத்தையும் பொறாத அவர், அவ்வரியின்மேல் செம்மைக்கோலை நெடுநேரம் நிறுத்தியிருந்தார். பின்னர் அடிக்காமலே மூடி வைத்தார். சொற்கள் தலைமுறைதோறும் ஏறியும் இறங்கியும் போகும். அன்று அவ்விருவர் நடுவே ஒரு சொல் சற்றே இளைப்பாறிற்று.