மூன்றாம் அறையின் மேற்குச் சுவர்

மகப்பேறு மருத்துவமனையின் மூன்றாம் அறையில், மேற்குச் சுவர் பதினோரு வருடத்தில் ஒன்பது அங்குலத்திலிருந்து காகிதத்தின் கனத்துக்கு மெலிந்துபோனது. வெளியே காரை உதிரவில்லை, உள்ளே செங்கல் விழவில்லை. விஷயத்தை முதலில் காட்டிக்கொடுத்தது ஜன்னல் திட்டுதான். சுவரின் கனம் எவ்வளவோ அவ்வளவுதானே திட்டின் அகலம். ஆரம்பத்தில் கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டு அதில் முழுசாக உட்கார்ந்திருந்தது. பிறகு பாதித் தட்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. ஒருநாள் அது விழுந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டுக் குழந்தைகள் மொத்தமும் எழுந்து அழுதன. அதன்பின் அங்கே சோப்பு டப்பா வைத்தார்கள், அப்புறம் தீப்பெட்டி, கடைசியில் எதுவும் வைக்க முடியவில்லை. வந்து பார்த்த கொத்தனார் உள்ளேயும் வெளியேயும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, சுவர் நேராகத்தான் நிற்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறது என்றார். குமாஸ்தா பராமரிப்பு ரிஜிஸ்டரில், ஒழுகும் குழாய்க்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவில், "மேற்குச் சுவர் மெலிவு, தொடர்கிறது" என்று எழுதி வைத்தார்.

சுவர் எதனால் மெலிகிறது என்பது ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்றாம் அறை, ஆரம்ப வாரங்களில் கருவைக் கலைத்துக்கொள்ள வருகிற பெண்களுக்கான அறை. பெரிய டாக்டரம்மா முப்பத்தோரு வருடமாக, அதில் கடைசிப் பதினோரு வருடம் இந்த அறையில், அதே வேலையைச் செய்துவந்தார். முதலில் கையால் இழுக்கும் உறிஞ்சுக் குழாயால் கருப்பையைக் காலி செய்வார். அத்தோடு முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முடிந்ததும் வலது கையை நர்ஸ் பக்கம் நீட்டுவார். நீளக் கம்பியின் நுனியில் கூர்மையான சின்ன வளையம் உள்ள கருவி அந்தக் கைக்கு வரவேண்டும். அங்கே எல்லாரும் அதைக் கரண்டி என்றார்கள். அதைக் கருப்பைக்குள் விட்டு, மணலைத் தேய்ப்பதுபோல் கரகரவென்று சத்தம் கேட்கும்வரை ஒரு சுரண்டு சுரண்டுவார். அந்தக் கடைசிச் சுரண்டலுக்கு 'திருப்திக்கு' என்று பெயர். யாருடைய திருப்திக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அதே கரகரப்பு மேற்குச் சுவருக்குள்ளிருந்தும் வந்தது. டாக்டரம்மா அதை எலி என்றார்.

தையல்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்த அன்று கரண்டி கருப்பையைத் துளைத்துக்கொண்டு ஆழமாகப் போய்விட்டது. கரகரப்பு கேட்கவேண்டிய இடத்தில் எதுவுமே கேட்கவில்லை. நர்ஸ் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை. அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, கருப்பையை எடுத்துவிட்டார்கள். நர்ஸ் திரும்பி வந்து அறையைக் கழுவும்போது, ஒரே நாளில் சுவர் நான்கு விரல் குறைந்திருந்தது. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் யாராவது பாத்திரத்தைச் சுரண்டினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

பிறகு இரண்டு நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். கருப்பை வாய் இளக முன்கூட்டியே மாத்திரை, வலி தெரியாமலிருக்க அந்த இடத்தில் ஊசி, தொற்று வராமலிருக்க மருந்து என்று கற்றுக்கொண்டு வந்து சொன்னாள். டாக்டரம்மா முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியாக, உறிஞ்சியதைத் தண்ணீரில் அலசிக் கண்ணாடித் தட்டில் போட்டு, அடியிலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்க்க வேண்டும், எல்லாம் வந்திருந்தால் கரண்டியே வேண்டாம் என்றபோதுதான் அவர் குரல் உயர்ந்தது.

"கண்ணால பாத்தா போதுமா? கை சொல்லணும்மா. முப்பது வருஷமா என் கைதான் சொல்லுது."

நர்ஸ் கண்ணாடித் தட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். அது அங்கேயே தூசி படிந்து கிடந்தது. சுவர் ஒரு அட்டையளவுக்கு வந்தது, பிறகு ஒரு காலண்டர் தாளளவுக்கு. சாயங்கால வெயில் அதன் வழியே உள்ளே வர ஆரம்பித்தது. தெருவில் போகிறவர்களின் நிழல்கள் அதில் நடந்தன. காற்றடித்தால் சுவர் உப்பி அடங்கியது. ஜன்னல் கம்பிகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு சுரண்டல்தான் தாங்கும் என்று நர்ஸ் கணக்குப் போட்டாள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் அவள் தங்கை வந்து நின்றாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டுமே வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகள். ஏழு வாரம், வேண்டாம் என்று அவளும் புருஷனும் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

"நீ இருக்கிறப்ப எனக்கென்னக்கா பயம்?" என்றாள்.

நர்ஸ் ஸ்கேன் படத்தை வாங்கிப் பார்த்தாள். பழைய தையல் இருந்த இடத்தில் கருப்பைச் சுவர் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை அவள் தினமும் மூன்றாம் அறையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மதியம் மாத்திரை கொடுத்து, மூன்று மணிக்குப் படுக்க வைத்தார்கள். ஊசி போட்டது, உறிஞ்சியது, எல்லாம் ஒழுங்காகப் பத்து நிமிடத்தில் முடிந்தது. தங்கை விழித்துக்கொண்டு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா திரும்பாமலே வலது கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. நர்ஸ் கரண்டியை எடுக்கவில்லை. மேற்குச் சுவர் ஒரு மூச்சு உள்வாங்கி, படபடவென்று அடித்துக்கொண்டது.

"கரண்டி."

"ஒரு நிமிஷம், டாக்டரம்மா."

"கரண்டியக் குடுங்கிறேன்."

காலையிலேயே தூசி துடைத்து வைத்திருந்த கண்ணாடித் தட்டில் உறிஞ்சியதை அலசிப் போட்டு, நர்ஸ் இரண்டு கையாலும் தூக்கினாள். அடியிலிருந்து வெளிச்சம் விட அந்த அறையில் விளக்கு கிடையாது. அவள் தட்டைக் கொண்டுபோய் மேற்குச் சுவருக்கு முன்னால் பிடித்தாள். வெயில் முழுவதும் சுவரின் வழியே தட்டுக்குள் வந்தது. தண்ணீரில் வெள்ளை இழைகள் பஞ்சு பிரித்ததுபோல் ஒவ்வொன்றாக விரிந்து நின்றன. கரு இருந்த பை கிழியாமல் ஓரமாக மிதந்தது.

"பாருங்க. எல்லாம் வந்திருச்சு. கை சொல்ல வேண்டாம், கண்ணு சொல்லுது."

டாக்டரம்மா கிட்டே வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

"நான் சேர்ந்த புதுசுல ஒருத்தி வீட்டுக்குப் போயிட்டுக் காய்ச்சலோட வந்தா. உள்ள கொஞ்சம் மிச்சம் விட்டிருந்தேன். மூணாம் நாள் செத்துப் போயிட்டா." குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. "அதுக்கப்புறம் எனக்குக் கரண்டி இல்லாம தூக்கம் வராது. எனக்குப் பயம்மா."

"எனக்கும்தான் டாக்டரம்மா."

"அக்கா, முடிஞ்சுதா இல்லையா?" என்றாள் தங்கை, விசிறியைப் பார்த்தபடி.

நர்ஸ் தட்டை இறக்காமல் நின்றாள். பிறகு டாக்டரம்மா கையை மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுதும்மா" என்றார்.

அடுத்த பதினைந்து நாட்களைப் பற்றி ரிஜிஸ்டரில் ஒன்றும் இல்லை. நர்ஸ் தங்கை வீட்டுக்குத் தினமும் தெர்மாமீட்டரோடு போனாள். ராத்திரியில் போன் அடித்தால் எடுக்கக் கை வராமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா காலையில் நர்ஸின் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பள்ளிக்கூட வேனின் நிழல் மேற்குச் சுவரில் மெதுவாக ஊர்ந்து வந்து, நடுவில் நின்று, ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாக ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அதன்பின் மூன்றாம் அறையில் யாரும் கரண்டியைக் கேட்கவில்லை. சுவர் திரும்பக் கனக்கவும் இல்லை, அதற்குமேல் மெலியவும் இல்லை. தட்டை அதன் முன்னால் பிடித்துப் பார்ப்பதுதான் வழக்கமாயிற்று. மேகமூட்டமான நாட்களில் மட்டும் டார்ச் அடித்தார்கள்.

மூன்று வருடம் கழித்து மருத்துவமனைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கத் தகட்டை ஓங்கியவரின் மணிக்கட்டை டாக்டரம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"சுரண்டாதீங்க."

"சுரண்டாம அடிச்சா பிடிக்காதேம்மா."

"பிடிக்கும். கை வச்சுப் பாத்துட்டு அடிங்க."

வெள்ளையடிப்பவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். அது வெதுவெதுப்பாக, லேசாக ஏறி இறங்கியது. தகட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இருப்பதிலேயே மிருதுவான பிரஷ்ஷை எடுத்தார். அப்போது, தினமும் நாலு மணிக்கு வருகிற வேனின் நிழல் வந்தது. அது சுவரைக் கடந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து, பிறகு அடிக்க ஆரம்பித்தார்.