சாலட்டுக்கு இரண்டு பூச்சு

சாலட் மேல் ஊற்றும் அந்த வெள்ளைக் குழைவை என் கணவர் முதலில் வாயில் வைக்கவில்லை. ஒரு கண்ணாடித் துண்டில் தடவினார். பக்கத்திலேயே எங்கள் கடையில் விற்கும் எமல்ஷன் பெயிண்ட்டையும் ஒரு கோடு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாரு, ரெண்டும் ஒரே குடும்பம். எண்ணெயையும் தண்ணியையும் சண்டை போடாம ஒரே வீட்டுல உக்கார வெச்சிருக்கான். நடுவுல நின்னு சமாதானம் பண்றது யாரு?"

"முட்டைக்கரு. பாட்டில்லயே போட்டிருக்கு. முதல்ல சாப்பிடுங்க."

"கெட்டிக்காரக் கரு" என்றார் மரியாதையாக.

எங்களுடையது பெயிண்ட் கடை. நிறம் கலப்பது அவர், கல்லாவில் நான். அந்த வருடம் அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் போயிற்று. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். நீர் வடிந்தால்தான் ஆபரேஷன், வீக்கத்தோடு கத்தி வைக்க மாட்டேன் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார். ரொம்பவும் தள்ளிப்போட அந்த இதயத்துக்குத் தெம்பும் இல்லை. உப்பைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்று அனுப்பினார்.

சமைத்த காயையே ஒதுக்கி வைக்கிற மனிதர் இவர். பச்சை இலையைத் தட்டில் கண்டதும், "என்ன, என்னை மாடுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். என் தம்பிதான் கடைக்குப் போய் அந்தக் கிரீமி சாலட் டிரெஸ்ஸிங் பாட்டிலை வாங்கி வந்தான்.

"மாமா, இதை ஊத்தினா செருப்பைக்கூட சாப்பிடலாம்."

"அப்ப உன் செருப்பைக் கழட்டு, ருசி பார்த்துருவோம்."

பாட்டிலைத் திருப்பிப் படித்தபோது உப்பும் கணிசமாக இருந்தது. ஒரு கரண்டிக்கு இவ்வளவு என்று போட்டிருந்தார்கள். கெட்டியாக இருப்பதால்தானே அவ்வளவு உப்பு, இளக்கினால் குறைந்துவிடும் என்பது அவர் யோசனை. எனக்கும் சரி என்றே பட்டது. ஆனால் வெறும் தண்ணீரை ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"ஒவ்வொரு பெயிண்ட்டையும் இளக்க அதுக்குன்னு ஒரு தின்னர் உண்டு. எமல்ஷனுக்குத் தண்ணி, இதுக்கு வேற. மாத்தி ஊத்தினா திரிஞ்சு போயிரும்."

பாட்டிலை முகர்ந்தார். புளித்த வாசனை. ஃபிரிட்ஜைத் திறந்து, தம்பி பாட்டிலோடு சேர்த்து வாங்கி வந்திருந்த, வெள்ளரிக்காய் ஊறிக்கொண்டிருந்த கண்ணாடி ஜாடியை எடுத்து முகர்ந்தார். அதே வாசனை. உறவு கிடைத்துவிட்டது. ஜாடித் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். திரியவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

பிறகு கடையிலிருந்து ஒரு புதுத் தூரிகையைக் கொண்டுவந்து, வெந்நீரில் கழுவி, ஒவ்வோர் இலையாகப் பூசினார். இளக்கிய பெயிண்ட் ஒரு பூச்சில் நிற்காது என்பது அவருக்கு வேதம். முதல் பூச்சு இறங்கும்வரை காத்திருந்து இரண்டாவது பூச்சு கொடுத்தார். தட்டு காலியாயிற்று. தண்டைக்கூட விடவில்லை.

இப்படியே வேளாவேளைக்கு நடந்தது. கால் மட்டும் வற்றவில்லை, இன்னும் பருத்தது. செருப்பு நுழையவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் பெயிண்ட் உரிவதை ஆராய்வதுபோல் மூச்சு வாங்கினார். மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார்.

"வெளியில ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். வேணும்னா இவளைக் கேளுங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. அடுத்த முறையும் இப்படியே வந்தால் ஆபரேஷனை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் எங்களை எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்களோ, நாளைக்கு எல்லாத்தையும் கொண்டுவந்து இங்க அப்படியே சாப்பிட்டுக் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் அவளுடைய மேசையில் இலைகள், பாட்டில், ஜாடி, தூரிகை எல்லாவற்றையும் பரப்பினோம். தூரிகையைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முதல் பூச்சு முடித்துக் கையைக் கட்டிக்கொண்டதும், "எதுக்கு சார் வெயிட் பண்றீங்க?" என்றாள்.

"காயணும்ல?"

இரண்டாவது பூச்சும் முடிந்தது. அவள் ஜாடித் தண்ணீரில் ஒரு கரண்டி நுனியை நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"சார், இது உப்புத் தண்ணி. வெள்ளரிக்காய் கெடாம இருக்கிறதே இந்த உப்பாலதான். உப்பைக் குறைக்க உப்பை ஊத்தியிருக்கீங்க. அதையும் ரெண்டு தடவை."

அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "புளிப்புதானே தெரிஞ்சுது?"

"புளிப்பு முன்னாடி நின்னா, பின்னாடி இருக்கிற உப்பு நாக்குக்குத் தெரியாது."

"அப்ப இனிமே வெறும் இலைதானா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

"இல்ல சார். கொஞ்சம் கொழுப்பு வேணும். கேரட்டோட ஆரஞ்சு இருக்கே, அந்தச் சத்து எண்ணெயில கரையும், தண்ணியில கரையாது. கொழுப்பே இல்லாம தின்னா பாதிக்கு மேல வீணாத்தான் போகும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கேரட்டு ஆயில் பெயிண்ட்டா? கீரை?"

"அதுலயும் இருக்கு. பச்சைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்."

"தக்காளி?"

வரிசையில் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை ஒவ்வொரு காயாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 'கொழுப்பு இல்லாதது' என்று விற்கிற பாட்டில் வாங்கலாமா என்று நான் கேட்டேன். கொழுப்பை எடுத்த இடத்தில் பெரும்பாலும் சர்க்கரையும் மாவும் வந்து உட்கார்ந்துகொள்ளும், உப்பும் குறையாது என்றாள்.

அன்றிலிருந்து வீட்டிலேயே செய்தோம். துணியில் வடிகட்டிய தயிர், ஒரு கரண்டி எண்ணெய், எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, மிளகு. உப்பு கிடையாது. முதல் தடவை எண்ணெயை மொத்தமாக ஊற்றியதில் அது தனியே மிதந்தது. துளித்துளியாக விட்டு அடிக்கவேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். ருசி என்னவோ சுமார்தான். "வெறும் பிரைமர், மேல்பூச்சே இல்ல" என்று முனகிக்கொண்டே தின்றார். ஒரே பூச்சு.

முதலில் செருப்பு நுழைந்தது. பிறகு படியில் நிற்காமல் ஏறினார். அடுத்த முறை மருத்துவர் கட்டைவிரலால் அவர் காலை அழுத்திவிட்டு எடுத்தார். பள்ளம் விழவில்லை.

"இந்த வாரமே வெச்சுக்கலாம்" என்றார்.

அத்தனை நாளாகக் கரு, கேரட், தக்காளி என்று எல்லாவற்றையும் கேட்டுத் துளைத்தவர், ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், நெஞ்செலும்பை வெட்டித் திறப்பீங்கல்ல. திரும்ப எதை வெச்சு மூடுவீங்க?"

"கம்பி போட்டுக் கட்டிருவோம்."

"என்ன கம்பி?"

"ஸ்டீல்."

"அப்படியே உள்ள விட்டுருவீங்களா? ஈரத்துல துருப்பிடிக்காதா?"

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பிடிக்காது. அதுக்குன்னே செஞ்ச ஸ்டீல்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி, போட்டுக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு பல வருடம் கடையில் நின்று நிறம் கலந்தார். அவர் போகும்வரை அந்தக் கம்பி துருப்பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.