இராயப்பனுக்கு வயசாகிவிட்டது

மூங்கில்மலைத் தோட்டத்தில் அந்த வாரம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டத்தில் இறம்பொடைக்காரர்கள் தோட்டத்துச் சுழல்பந்துக்காரன் இராயப்பனின் பந்தைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். கடைசி ஆட்டக்காரர்கள் தட்டுத்தடுமாறி ஓட்டம் எடுத்து மானத்தைக் காப்பாற்றியதால்தான் கோப்பை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இனி ஒரேயொரு ஆட்டம். கொட்டகலை மைதானத்தில், கந்தப்பளைப் பக்கத்துக் கோயில்மலைத் தோட்டத்தோடு. அவர்களிடம் பொன்னையா என்றொரு ராட்சசன் இருந்தான். மட்டையைத் தூக்கினால் பந்தைத் தேயிலைக் காட்டில்தான் தேட வேண்டும்.

தோட்டத்து முச்சந்தியில் சின்னத்தம்பியின் தேத்தண்ணிக் கடை. திங்கட்கிழமை சாயங்காலம் அங்கே நிற்க இடமில்லை. எல்லாருக்கும் முன்னால் தொண்டையைத் திறந்தவர் பழனியாண்டிக் கங்காணி. மட்டையைத் தொட்டே பார்க்காத மனுசன், ஆனால் வாயால் ஆடினால் நாள் முழுக்க அவுட் ஆக மாட்டார்.

"இராயப்பன் கத முடிஞ்சு போச்சுப்பா. பந்து திரும்பவே மாட்டேங்குது. மாமியா வீட்டுக்கு வர்ற மாப்புள மாதிரி நேரா, மெதுவா வருது. அடிக்காம என்னா செய்வான்?"

"வாயக் கழுவுங்க கங்காணி," என்றார் சின்னத்தம்பி, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "போன வருசம் இதே பொன்னையாவ முழிக்க வச்சு அனுப்புனது யாரு? ஒங்க மச்சானா?"

"போன வருசம் போன வருசந்தான். இப்ப அவன் வெறியோட வர்றான். கணேசமூர்த்தியப் போடச் சொல்லுங்க. எளவட்டப் பய, எறியுறான்னா அப்பிடி எறியுறான்."

"அவன் எறியுற பந்து எங்க போகும்னு அவனுக்கே தெரியாது. போன மாசம் அம்பயர் தொப்பிய அடிச்சான்!"

கடை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பழனியாண்டி ஓரத்தில் நின்றவர் பக்கம் திரும்பினார். அங்கே நின்றவர் கணக்கப்பிள்ளை சோலைமலை. தினம் காலையில் பெரட்டுக் களத்தில் இன்னார் இன்ன வேலைக்கு என்று பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிறவர். அணித் தேர்வுக் கமிட்டியிலும் இருக்கிறவர். ஆட்டப் பைத்தியத்தில் பழனியாண்டிக்கு ஒரு முழம் மேல்.

"நீங்க சொல்லுங்க கணக்கப்புள்ள. நீங்கதானே அந்தாளுக்கு வேல குடுக்கிறீங்க. ஏதும் நோவு நொடியா? இல்ல வேல மாத்தி ஏதும் போட்டீங்களா?"

சோலைமலை தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார். எல்லாக் கண்ணும் அவர் மேல்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். "வயசுதான். வேறென்ன? வயசாயிருச்சு."

பாவி மனுசன், சொல்லிவிட்டார்!

உண்மை என்ன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். இராயப்பன் கான் வெட்டுகிற ஆள், மலையில் மழைத்தண்ணி ஓட வாய்க்கால் தோண்டுகிறவன். மண்வெட்டியோடு மலைக்குப் போனால் பொழுது சாயத்தான் இறங்குவான், அதற்குப் பிறகு பந்து போட்டுப் பழக வெளிச்சம் எங்கே இருக்கும்? அந்தச் சமயம் பார்த்து மேல்மலை கவ்வாத்துக்கு வந்தது. வளர்ந்து நின்ற தேயிலைச் செடிகளை வளைந்த கத்தியால் முட்டளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை. கொடுத்த செடிகளை வெட்டி முடித்தால் மத்தியானமே வீட்டுக்குப் போகலாம். சோலைமலை ஒரு கணக்குப் போட்டார். இராயப்பனைக் கவ்வாத்தில் போட்டால் மத்தியானத்திலிருந்து பந்து பழகுவான், கோப்பை நமக்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை, இராயப்பனின் பேரைக் கவ்வாத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். கண்டாக்கு ஐயா மட்டும் புருவத்தைத் தூக்கினார். அவர் கணக்கப்பிள்ளைமாருக்கெல்லாம் மேலே உள்ள அதிகாரி. ஆட்டக்காரனுக்குச் சலுகை காட்டுகிறவனுக்குப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தவர்.

"கவ்வாத்துக்கு ஆள் பத்தலீங்க ஐயா," என்று சோலைமலை சமாளித்தார். அது முதல் பொய்.

கத்தி இராயப்பனின் கையைத் தின்றது. மண்வெட்டி உள்ளங்கையைத்தான் காய்க்க வைத்திருந்தது, விரல்களைத் தொட்டதில்லை. கவ்வாத்துக் கத்தியோ ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டை முறுக்கியது, பந்தைச் சுழற்றும் அந்த இரண்டு விரல்களையும் மரத்துப்போக வைத்தது. இறம்பொடை ஆட்டத்துக்கு முன்பே சோலைமலை அதைப் பார்த்துவிட்டார். பழகுமிடத்தில் இராயப்பன் பந்தைப் பிடித்து நின்றபோது நடுவிரல் மடங்கவில்லை.

"கையில என்னா?" என்று கேட்டார்.

"முள்ளுங்க ஐயா," என்றான் இராயப்பன், கையை இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் மறைத்துக்கொண்டே.

முள் விரலை அப்படி வீங்க வைக்குமா? சோலைமலைக்குத் தெரியாதா? தெரிந்தும், "ஓ, முள்ளா," என்று நகர்ந்துவிட்டார். வேலையை மாற்றினால் கண்டாக்கு ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

கடையில் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை மறுநாள் விடிவதற்குள் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்துவிட்டது. தண்ணி பிடிக்கிற பீலியில் பெண்கள் சொன்னார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்னார்கள். "கணக்கப்புள்ளயே சொல்லிட்டாரு, வயசாயிருச்சாம்." இறம்பொடை ஆட்டத்தில் ஓடிப் பிடிக்க முடியாமல் அவன் நின்ற ஒரு பந்து, நாலு பந்தாக வளர்ந்தது. போன வருசமே மூச்சு வாங்கினான் என்று ஒருத்தர் கண்டுபிடித்தார். நாற்பதைத் தொடாத மனுசனை அந்தத் தோட்டம் ஒரே வாரத்தில் கிழவனாக்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோலைமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. இராயப்பனிடமாவது சொல்லிவிடலாம், கமிட்டி கூடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று அவனுடைய லயத்துக்கு நடந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்படியில் இராயப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அந்தோனியம்மா வெந்நீரில் உப்பைக் கரைத்து அவன் வலது கையை அதற்குள் அமுக்கிப் பிடித்திருந்தாள். இராயப்பன் இடது கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சோலைமலை வாசலிலேயே நின்றார். இடது கையால் சோறு! அதைப் பார்த்த கண்ணை என்ன செய்வது? அப்படியே பின்னுக்கு நகர்ந்து, நாய் குரைப்பதற்குள் பாதையில் இறங்கிவிட்டார். வீட்டில் நாகலெட்சுமி தட்டை வைத்தபோது, பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்தார். பசித்தது. வலது கையைத் தட்டில் வைக்கத்தான் கூசியது.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. பழனியாண்டி எழுந்து கணேசமூர்த்தியின் பேரைச் சொன்னார். சின்னத்தம்பி மட்டும் மறுத்துப் பார்த்தார்.

"கணக்கப்புள்ள, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னும் ஒரு ஆட்டந்தானே, அந்தாள வச்சுப் பாக்கலாமே?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? சோலைமலையின் மனசுக்குள் வார்த்தை முட்டியது. வெளியே வந்தது வேறு. "நான் முன்னமே சொல்லிட்டேனே," என்றார். அத்தோடு முடிந்தது.

முடிவைக் கேட்க இராயப்பன் வெளியிலேயே நின்றிருந்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் மடியிலிருந்து தான் பழகுகிற பழைய பந்தை எடுத்துக் கணேசமூர்த்தியின் கையில் வைத்தான்.

"பொன்னையாவுக்குக் காலுக்குப் பக்கத்துல போடு தம்பி. வேகத்துக்கு அவன் பயப்பட மாட்டான். காலத் தூக்க வச்சுட்டேன்னா தடுமாறிருவான்."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் அது அப்படியே நடந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பொன்னையா வந்ததும் வராததுமாக இரண்டு பந்தை வேலிக்கு அந்தப்பக்கம் அனுப்பினான். கோயில்மலைக்காரர்கள் தப்படித்து ஆடினார்கள். இராயப்பன் கயிற்றோரம் நின்று, வலது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "காலுக்குப் போடு! காலுக்குப் போடு!" என்று கத்தினான். கணேசமூர்த்தி காலுக்குப் போட்டான். குச்சி பறந்தது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கணேசமூர்த்தியைத் தோளில் தூக்கினார்கள். பழனியாண்டிக் கங்காணி யார் கழுத்திலிருந்தோ ஒரு மாலையைப் பிடுங்கிச் சோலைமலையின் கழுத்தில் போட்டார்.

"நீங்க மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலேன்னா இந்தக் கோப்ப ஏதுங்க? அந்தாள வச்சுக்கிட்டு அழுதிருப்போம்!"

மாலைக்குள் கழுத்து அரித்தது. சோலைமலை அதைக் கழற்றப் பார்த்தார், நாலு பேர் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் இராயப்பனும் கூட்டத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் தொடையைத் தட்டினான்.

தோட்டத்துக்குத் திரும்புகிற வழியில் மற்றவர்கள் பாட்டும் கூத்துமாக முன்னால் போனார்கள். சோலைமலை வேண்டுமென்றே பின்தங்கினார். இராயப்பனும் பின்தங்கினான்.

"இராயப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒன் கை..."

"தெரியுங்க ஐயா," என்றான் அவன். "கத்திதான். மொத வாரமே தெரியும். நான் பழகணும்னுதான் நீங்க அங்க போட்டீங்கன்னும் தெரியும். வெள்ளிக்கெழம வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்புனீங்களே, அதயும் பாத்தேன்."

சோலைமலையின் கால் நின்றுவிட்டது. "அப்ப ஏண்டா யாருக்கும் சொல்லல? சொல்லியிருந்தா ஒன்ன ஒதுக்கியிருக்க மாட்டாங்களே!"

"சொன்னா கண்டாக்கையா ஒங்கள விடுவாருங்களா? புள்ளகுட்டியோட எங்க போவீங்க? எனக்காகச் செஞ்சது ஒங்கள அழிக்கக் கூடாதுல்ல. நீங்க வயசுன்னு சொன்னதுதான் நல்லதாப் போச்சு. வயசுன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க." கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடியும் சொன்னான். "மல முடியிற வரைக்கும் நான் கவ்வாத்துலயே நிக்கிறேங்க. திடீர்னு மாத்தாதீங்க. ஆளுக யோசிப்பாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். சோலைமலை நடையைக் கூட்டினார். வீட்டுக்குப் போய் மாலையை வேலியோரம் வீசினார். நாகலெட்சுமி என்ன என்று கேட்டதற்கு அவள் மேல் எரிந்து விழுந்தார்.

திங்கட்கிழமை பெரட்டு. தப்பு அடித்து ஓய்ந்து, பனி விலகாத களத்தில் ஆள்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். கண்டாக்கு ஐயா அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தார். கோப்பை வந்த தோட்டமல்லவா? தோட்டத்துத் துரையே கை குலுக்கியிருந்தார்.

சோலைமலை பேர் கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பேர் வந்ததும் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டார்.

"இராயப்பன், கான் வெட்டு."

"ஏன்?" என்றார் கண்டாக்கு. "கவ்வாத்துக்கு ஆள் பத்தலேன்னு நீர்தானே சொன்னீர்? அங்கயே நிக்கட்டும்."

இராயப்பன் குனிந்து கத்தியை எடுத்தான். கூட்டத்திலிருந்து பழனியாண்டியின் குரல் வந்தது.

"பந்து புடிக்க வயசாயிருச்சு, கத்தி புடிக்க மட்டும் வயசாகலயோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு சோலைமலைக்குள் ஏதோ அறுந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். களம் அடங்கியது. "வயசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் அவனக் கவ்வாத்துல போட்டேன், வெள்ளன முடிச்சுட்டுப் பந்து பழகட்டும்னு. ஆள் பத்தலேன்னு சொன்னது பொய். அந்தக் கத்திதான் அவன் வெரலத் தின்னுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வயசுன்னு சொன்னேன். பழி எம் மேலதான்."

இனிப் பத்துச்சீட்டு வரட்டும், என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று கண்டாக்குவின் முகத்தைப் பார்த்தார்.

முதலில் பேசியவர் பழனியாண்டிதான். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா? இதுதாங்க பெரிய மனுசன்! ஜெயிச்ச பெறகும் ஒரு ஆளு மனசு நோகக் கூடாதுன்னு, பழியத் தூக்கித் தன் தலயில போட்டுக்கிறாரு. நான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க."

"அய்யோ, நான் சொல்றது நெசம்யா!" என்றார் சோலைமலை. ஆள்கள் அவரை அன்போடு பார்த்தார்கள். பெண்கள் பக்கமிருந்து, "நல்ல மனசு," என்று ஒரு குரல் கேட்டது.

கண்டாக்கு இராயப்பன் பக்கம் திரும்பினார். "என்னா இராயப்பன்? கணக்கப்புள்ள சொல்றது நெசமா? கத்தியாலதானா?"

இராயப்பன் கையைச் சாக்குக்குள் விட்டுக்கொண்டான். சோலைமலை அவனைப் பார்த்துத் தலையசைத்தார், சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க ஐயா," என்றான். "கணக்கப்புள்ள ஐயாவுக்கு எரக்க கொணம். எனக்கு வயசாயிருச்சுங்க."

பிறகு கத்தியை வலது கைக்கு மாற்றி, விரல் மடங்காததால் உள்ளங்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்மலைப் பாதையில் ஏறினான். அடுத்த பேரைக் கூப்பிடச் சொல்லிக் கண்டாக்கு கையசைத்தார். சோலைமலை கூப்பிட்டார்.