மூன்று துறைக்கு ஒரு மருமகள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவளை மருமகள் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம். கட்டுமானத் துறை, கணினித் துறை, வணிகத் துறை மூன்றுக்கும் பொதுவாக ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு ஆறு வருடம் அலைந்ததற்குக் கிடைத்த பெயர் அது. வேலை வாங்கும்போது மூன்று வீடும் "எங்க மருமக" என்று கொண்டாடும். உட்கார நாற்காலி கேட்டால் மட்டும் "பக்கத்து வீட்ல கேளும்மா" என்று கைகாட்டிவிடும். ஆகவே அவள் ஆய்வேட்டின் முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தையும் ஆய்வுக்கூடத்தின் வாசலில், சிமெண்ட் மூட்டைகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில், ஒரு கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தே எழுதினாள்.

ஆய்வு ஒன்றும் வாயில் நுழையாத சங்கதி இல்லை. கட்டடத்துக்குத் தளம் போட்டால் கீழே தகடு அடித்து, இரும்பு ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தித் தாங்கிக்கொண்டிருப்பார்கள். அவற்றை எப்போது கழற்றலாம் என்று கேட்டால், பதினாலு நாள் போகட்டும் என்பார்கள். ஏன் பதினாலு என்றால் மேஸ்திரி சொன்னார் என்பார்கள். கான்கிரீட் சூட்டில் வேகமாக இறுகும், குளிரில் சோம்பல் முறிக்கும். அப்படியிருக்க எல்லாத் தளத்துக்கும் ஒரே பதினாலு எப்படிச் சரியாகும் என்பது மருமகளின் கேள்வி. தளத்துக்குள்ளேயே ஒரு சென்சாரைப் புதைத்து, சூட்டை அளந்து, அதிலிருந்து பலத்தைக் கணித்து, தேறிய அன்றைக்கே கழற்றுங்கள் என்பது அவள் பதில். சென்சார் கணினித் துறைக்கு, கான்கிரீட் கட்டுமானத் துறைக்கு, மிச்சமாகிற நாட்களால் யாருக்கு என்ன லாபம் என்பது வணிகத் துறைக்கு. மருமகளுக்கு மூன்று மாமியார் வாய்த்த கதை இதுதான்.

அவளுடைய அண்ணன் தகடும் ஜாக்கியும் வாடகைக்கு விடுகிறவர். "பதினாலு நாள் வாடகைய அஞ்சு நாளாக்கறதுக்கு என் கூடப்பொறந்தவளே ஆறு வருஷமா படிக்கிறா. எனக்கு எதுக்குடா வெளிய ஒரு எதிரி?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்புவார். ஆனாலும் தன் ஜாக்கிகள் நின்ற ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் தளத்தில் சென்சார் புதைக்க, கான்ட்ராக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவரேதான்.

அந்தத் தளம்தான் கடைசிப் பரீட்சை. கான்கிரீட் போட்ட அன்றே அதே கலவையில் ஒன்பது கட்டிகள் வார்த்தாள். க்யூப் என்பார்கள், ஒரு சாணுக்கும் குறைவான சதுரக் கட்டி, தூக்கினால் எட்டு கிலோ. இதை எந்திரத்தில் வைத்து நசுக்கினால், எத்தனை பாரத்தில் உடைகிறதோ அதுவே கான்கிரீட்டின் பலம். அலகெல்லாம் நமக்கு வேண்டாம், எண் பெரிதானால் பலம் அதிகம்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. மூன்று பேராசிரியர்களும் எந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். தளத்தின் பலம் இருபத்து மூன்று, ஜாக்கியைக் கழற்ற இது போதும் என்று மருமகளின் கணினி சொன்னது. மூன்று கட்டிகள் நசுங்கின. எந்திரம் சொன்னது பதினைந்து.

கட்டுமானப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்தான் அவளுடைய வழிகாட்டி. "உன் கம்ப்யூட்டர் இருபத்து மூணுங்குது, என் மெஷின் பதினஞ்சுங்குது. முப்பது வருஷமா இந்த மெஷின் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லம்மா."

"கணக்குல தப்பில்ல சார், நான் பாத்துட்டேன்" என்றார் கணினிப் பேராசிரியர். மூவரில் இளையவர், மடிக்கணினியிலிருந்து தலையை எடுக்காதவர். "கான்கிரீட்லதான் ஏதோ கோளாறு."

வணிகப் பேராசிரியை சிரித்தார். "ஆமா, கடைக்கு வர்றவங்ககிட்ட போய், எங்க தராசு சரி, உங்க அரிசிதான் தப்புன்னு சொல்லுங்க. வியாபாரம் ஓஹோன்னு நடக்கும்."

 மருமகளின் ஆய்வுப் பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. மூவரும் கையெழுத்துப் போட்டால் பட்டம், போடாவிட்டால் ஆறு வருடமும் பழைய பேப்பர் எடைக்கு. அதற்கு மேல் நீட்டிக்க விதியில் இடமில்லை.

"அடுத்த திங்கக்கிழமை மறுபடி உக்காருவோம்" என்றார் வழிகாட்டி. குரலில் பரிதாபம் இருந்தது. அவள் பயந்ததும் அதற்குத்தான். திட்டுகிற வாடிக்கையாளர் திரும்ப வருவார், பரிதாபப்படுகிறவர் வரமாட்டார் என்பது கடைவீதியில், அப்பாவின் துணிக்கடையில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

அன்று மாலை ஸ்டூலில் உட்கார்ந்து, தளத்தின் எண்களை ஏழாவது தடவையாகப் புரட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்போதுதான் பட்டியலின் அடியில் அவள் பார்க்காமலே விட்ட ஒரு வரிசை கண்ணில் பட்டது. வார்த்த அன்று ஒரு சென்சார் மிஞ்சியிருந்தது. சும்மா கிடப்பானேன் என்று அதை ஒரு கட்டிக்குள் சொருகிவிட்டு மறந்தே போயிருந்தாள். கடைக்காரன் மகள், மிச்சம் மீதியை எறிய மனசு வராது. அந்தச் சென்சார் சொன்னது: பதினேழு டிகிரி. மறுநாளும் பதினேழு. ஐந்து நாளும் பதினேழு.

வெளியே ஊரே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடக் காவலரைத் தேடி ஓடினாள். இடுப்பில் கொத்துச் சாவி குலுங்க நடப்பதால் அவருக்குச் சாவி என்றே பெயர்.

"சாவியண்ணே, என் க்யூப்பெல்லாம் தண்ணித் தொட்டியிலதானே வெச்சீங்க?"

"தொட்டி ஒழுகுதுன்னு போன வாரமே காலி பண்ணிட்டாங்களேம்மா. பூசி முடிக்க நாளைக்காகும்."

"அப்ப எங்க வெச்சீங்க?"

"வெளிய வெச்சா நிக்குமா? போன தடவ நாலு க்யூப் காணாம போச்சே, எங்க இருந்துச்சு? ஹாஸ்டல்ல கதவுக்கு முட்டு! ஒருத்தன் அதும்மேல டிவி வெச்சிருக்கான். அதான் இந்தத் தடவ பூட்டு போட்ட ரூமா பாத்து வெச்சேன். ஈரச் சாக்கு போத்தி, பிளாஸ்டிக் சுத்தி, பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டேன்."

"எந்த ரூம்ணே?"

"கம்ப்யூட்டர்காரங்க பெட்டியெல்லாம் அடுக்கி வெச்சிருக்காங்களே, அந்த ரூம். ராத்திரி பகலா ஏசி ஓடுது. நல்லா ஜில்லுனு இருக்கும், கெட்டுப்போகாது."

"அது என்ன பால் பாக்கெட்டாண்ணே, கெட்டுப்போக?" என்று அவள் கத்திய கத்தலில் சாவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "தப்பு பண்ணிட்டனாம்மா?"

அவள் அதற்குள் ஓடிவிட்டாள். ஸ்டூலுக்குத் திரும்பி, பதினேழு டிகிரியில் ஐந்து நாள் கிடந்த கட்டியின் பலம் எவ்வளவு என்று தன் சூத்திரத்தையே கேட்டாள். பதினைந்தரை என்றது. எந்திரம் சொன்னது பதினைந்து. அப்படியானால் சூத்திரம் தளத்தைப் பற்றியும் சரி, கட்டியைப் பற்றியும் சரி. வெயிலில் காய்ந்த தளத்துக்கும் ஏசியில் தூங்கிய கட்டிக்கும் ஒரே எண் வரவேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு.

வேறு ஒருத்தியாக இருந்தால் அப்போதே மூன்று பேருக்கும் போன் போட்டு விளக்கியிருப்பாள். மருமகள் போனைத் தொடவில்லை. நடந்து முடிந்ததற்குக் காரணம் சொன்னால் அதற்குச் சாக்கு என்று பெயர். துணி கடையில் கிழிந்த பிறகு, பூச்சி அரித்தது என்று எத்தனை உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்? புதுத் துணியை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து, நீங்களே இழுத்துப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். இன்னும் ஆறு கட்டிகள் மிச்சம் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, ஒவ்வொரு கட்டியின் சாக்குக்குள்ளும் ஒரு சென்சாரைச் சொருகி, சாவியின் தள்ளுவண்டியில் ஆறையும் ஏற்றிக்கொண்டு மூன்று துறைக்கும் போனாள். ஆளுக்கு இரண்டு.

"உங்க இஷ்டம், எங்க வேணும்னாலும் வெச்சுக்கோங்க. எங்கன்னு என்கிட்ட சொல்லக்கூட வேணாம். சாக்கையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் பிரிச்சிடாதீங்க, உள்ள சென்சார் இருக்கு. திங்கக்கிழமை காலைல கொண்டு வாங்க. நசுக்கறதுக்கு முன்னாடியே எந்த க்யூப் எவ்வளவு தாங்கும்னு எழுதி உறையில போட்டுத் தர்றேன். ஒண்ணுக்கு மேல வித்தியாசம் வந்தா, நானே பதிவ ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துடறேன்."

"பந்தயமா?" என்றார் வணிகப் பேராசிரியை. கண்ணில் ஒரு பளபளப்பு.

"டெண்டர் மேடம். மூடின உறை."

"ரெண்டு வித்தியாசம் வரைக்கும் விடலாமே? ஏன் ஒண்ணு?"

"நீங்க ரெண்டுன்னு கேப்பீங்கன்னுதான் ஒண்ணுன்னேன். இப்ப நீங்களே ஏத்திட்டீங்க. ஆனா எனக்கு ஒண்ணு போதும்."

கட்டுமானப் பேராசிரியர் தன் இரண்டையும், அன்று பூசி முடித்த தொட்டியில் ஒழுங்காக இறக்கினார்; உயிரே போனாலும் அவர் வேறு இடத்தில் வைக்கமாட்டார். வணிகப் பேராசிரியை காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினார். கணினிப் பேராசிரியர் யோசித்தார், யோசித்தார், கடைசியில் கட்டிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறு திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சென்சார்கள் மருமகள் கைக்கு வந்தன. பத்து மணிக்கு மூன்று உறைகள் மேசைமேல் இருந்தன. செய்தி கசிந்து, மாணவர்கள் சன்னல் வரைக்கும் நெருக்கியடித்து நின்றார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்த ஆசாமிகளும் அதில் இருந்தார்கள். சாவி ஒரு மூலையில், சாவிக்கொத்தை இறுகப் பிடித்தபடி நின்றார். வேலை போகுமோ என்று ஒரு வாரமாக அவருக்குத் தூக்கமில்லை.

முதலில் தொட்டிக் கட்டிகள். எந்திரம் உறுமியது. முள் ஏறியது, ஏறியது, டப்பென்று ஓர் ஓசை. இரண்டையும் சேர்த்துச் சராசரி இருபத்து நாலு புள்ளி இரண்டு. வழிகாட்டி உறையைப் பிரித்தார். இருபத்து நாலு.

"தொட்டி ஈஸி. அத யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்றார் கணினிப் பேராசிரியர். "என்னுத நசுக்குங்க."

நசுக்கினார்கள். பதினேழு புள்ளி எட்டு. மாணவர்கள் முனகினார்கள். பன்னிரண்டு நாளான கட்டிக்கு இது என்ன பலம்? உறையைப் பிரித்தபோது உள்ளே பதினேழரை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரியும் இருந்தது. வழிகாட்டி அதைச் சத்தமாகப் படித்தார்: "இது ஃபிரிட்ஜில் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு கதவு சரியாகச் சாத்தவில்லை."

கணினிப் பேராசிரியர் முதல்முறையாக மடிக்கணினியை மூடினார். "அதுக்குத்தான் வீட்ல ரெண்டு நாளா பேச்சுவார்த்தையே இல்ல."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. மூன்றாவது, காரில் கிடந்த கட்டிகள். இருபத்தாறு புள்ளி ஆறு. உறையில் இருபத்தேழு. ஆய்வுக்கூடமே கைதட்டியது. வணிகப் பேராசிரியை மட்டும் உறைக்குள்ளிருந்த தாளை அவசரமாக மடிக்கப் பார்த்தார். வழிகாட்டி விடவில்லை, பிடுங்கிப் படித்தார்: "நாலு நாள் நல்ல வெயில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதினான்கு டிகிரி. கார் மலைமேல் போயிருக்கிறது."

"சனிக்கிழமை துறைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டப்ப காய்ச்சல்னு சொன்னீங்களே மேடம்!" என்றார் வழிகாட்டி.

"அதான் குளிர்ச்சியான இடத்துக்குப் போனேன்" என்று ஒரு கணமும் தடுமாறாமல் சொன்ன பேராசிரியை, மருமகளிடம் திரும்பினார். "என் புருஷனுக்குக்கூடத் தெரியாத கணக்கெல்லாம் உன் கான்கிரீட்டுக்குத் தெரியுது. பேனாவக் குடு."

அதற்குப் பிறகுதான் போன திங்கட்கிழமை நடந்ததை அவள் சொன்னாள்: ஏசி அறை, பதினேழு டிகிரி, பதினைந்தரை. சொல்லி முடிப்பதற்குள் கட்டுமானப் பேராசிரியர் எந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியா, இது பொய் சொல்லல. நான்தான் கேள்விய மாத்திக் கேட்டிருக்கேன்." தன் கையெழுத்தை அவர் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகப் போட்டார்.

மூன்று கையெழுத்தும் காய்வதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. இது கட்டுமானத் துறையின் ஆய்வு என்றார் ஒருவர். சூத்திரம் ஓடியது யார் கணினியில் என்றார் இன்னொருவர். இதை விற்கத் தெரிந்த துறை எது என்று கேட்டார் மூன்றாமவர். மூன்று வீடும் மருமகளுக்குத் தனி அறை தருவதாக ஏலம் போட்டன. ஆறு வருடமாக ஒரு நாற்காலிக்கு அலைந்தவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். விலை ஏறும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

"எனக்கு மூணு ரூம் வேணாம். இங்கயே ஒரு மேசை போதும், நாலு காலும் ஆடாம இருக்கணும். அப்புறம் க்யூப் வெக்க பூட்டோட ஒரு பீரோ. சாவி சாவியண்ணன்கிட்டதான் இருக்கும். தீசிஸ்ல முதல் நன்றி அவருக்கு. அவர் தப்பா வெக்காம இருந்திருந்தா நான் சரின்னு எனக்கே தெரிஞ்சிருக்காது."

மூலையில் சாவிக்கொத்து ஒரு தடவை கலகலத்தது.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் லாரியில் இரும்பு ஏறும் சத்தம்.

"கையெழுத்தாயிடுச்சுண்ணா. மூணு பேரும்."

சத்தம் நின்றது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாதபடி உடனே வியாபாரக் குரலுக்கு மாறினார். "அப்ப அடுத்த தளத்த அஞ்சு நாள்ல கழட்டலாமா? மாசத்துக்கு ரெண்டு சைட் பாக்கற ஜாக்கி அஞ்சு சைட் பாக்கும்ல?"

"வெயில் இப்படியே அடிச்சா பாக்கும்."

"நாலு நாளுக்கு முடியாதா?"

"முடியாது."

"நாலரை?"

"அண்ணா, நான் உன் தங்கச்சி, எங்கிட்ட பேரம் பேசலாம். அது கான்கிரீட்."

"சரி சரி, அஞ்சே இருக்கட்டும்" என்றார் அண்ணன். பிறகு லாரிக்காரரைப் பார்த்து அவர் போட்ட சத்தம் போனில் நன்றாகவே கேட்டது: "டேய், மெதுவா ஏத்துடா! டாக்டரம்மாவோட ஜாக்கி அது!"