ஐந்தாம் நம்பர் வளைவின் குழி

ராஜநாயகத்தின் கணக்கு தப்பாது என்பது தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும். ரோட்டு வேலைக் கங்காணி அவன். குழியின் ஓரத்தை நேராக வெட்டி, கொழுந்து கிள்ளும்போது செடியின் மட்டம் பார்க்கும் குச்சியைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து ஆழம் பார்ப்பான். நீள அகலத்தோடு பெருக்கி, இடித்தால் அமுங்குமே என்று கால் பங்கு கூட்டி, இத்தனை தள்ளுவண்டித் தார்க்கலவை என்பான். கடைசி வண்டியோடு குழி நிரம்பிவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால்தான் என்ன?

எழுபத்தெட்டாம் வருஷ மழையில் ஐந்தாம் நம்பர் வளைவில் ஒரு குழி விழுந்தது. நாலு வண்டி என்றான். நாலே வண்டியில் மூடினான். மறுநாள் காலைப் பனியில் வந்து பார்த்தால், வழித்தெடுத்த சட்டியாட்டம் குழி காலியாகக் கிடந்தது. ஒரு கல்லைக்கூடக் காணோம். அளந்தான். அதே நீளம், அதே ஆழம். கூட இடித்த ஆட்கள் அந்தப் பக்கமே வர மறுத்துவிட்டார்கள். தனியாகவே இன்னும் நாலு வண்டி போட்டு இடித்தான். விடிந்ததும் மறுபடி காலி.

தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி சாம்பசிவம் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“எட்டு வண்டிக் கலவை எங்கப்பா போச்சு? திரிங்காப்பு டவுன்ல எவனுக்காச்சும் தள்ளிட்டியா?”

“மாதா மேல சத்தியமா இல்லைங்கய்யா. எல்லாம் இதுலதான் போட்டேன்.”

“தொரை கேட்டா ரோடு தின்னுடுச்சுன்னா சொல்றது? திருட்டுன்னு ஆச்சுன்னா வேலையும் போகும், லயன் வீடும் போகும்லா.”

அந்த வீட்டை விட்டால் மனைவி கத்தரீனுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு கூரை கிடையாது.

“இப்பவே வந்து என் வீட்டைச் சோதிச்சுப் பாருங்கய்யா,” என்றான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏது?

கத்தரீன் விடியும்போதே கொழுந்தெடுக்கப் போயிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பூட்டைத் திறந்தது ராஜநாயகம்தான். காலையில் சமையலறைச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பூட்டியதும் அவன்தான்.

தார் வாடை முகத்தில் அடித்தது. சமையலறைத் தரை கறுப்பாக இருந்தது. சுவரோரம்வரை மட்டம் பிசகாமல் இடித்திருந்தது. அவனே அவ்வளவு சுத்தமாக இடித்ததில்லை. குனிந்து தொட்டான். இன்னும் சூடு ஆறவில்லை.

கிராணி வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தப் பயத்திலும் ராஜநாயகத்தின் பாழாய்ப்போன கண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீளம், அகலம், கனம், கால் பங்கு.

“எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார் கிராணி.

பொய்யாக அளக்க அவனுக்கு வரவில்லை.

“எட்டு வண்டிங்கய்யா,” என்றான்.