சண்டையில்லாத முற்றுகை

காலில் மாவுக்கட்டோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பஸ்காரம்மாவுக்கு, மாப்பிள்ளை தன் வேலையறையிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தான். ஊரில் முக்கால்வாசிப் பேரைத் தான் ஓட்டிய பேருந்தில் ஏற்றி இறக்கியவர் அவர். சும்மா படுத்துக் கிடக்க முடியவில்லை. அவர் புலம்பலைக் கேட்டு மாப்பிள்ளைதான் கணினியை அவர் பக்கம் திருப்பினான்.

"வாங்க அத்தை, ஒரு ராஜ்ஜியம் ஆளலாம்."

ஆற்றங்கரையில் ஒரு குடிசையோடு தொடங்கும் விளையாட்டு. அவர் ஒரு முறை, அவன் ஒரு முறை. ஊர் கட்டலாம், படை திரட்டலாம், அக்கம்பக்கத்து அரசர்களோடு உறவு வைக்கலாம், பகைக்கலாம். பஸ்காரம்மாவுக்கு இரண்டே நாளில் பித்துப் பிடித்துவிட்டது. கோட்டையை விட்டுவிட்டு எங்கே பார்த்தாலும் சாலை போட்டார்.

"ரோடு போட்டே ஜெயிச்சுடுவீங்க போலிருக்கே அத்தை!"

"ரோடு இல்லாத ஊர் என்ன ஊர் மாப்பிள்ளை? பஸ் எப்படிப் போகும்?"

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. அந்த வீட்டில் குரல் உயர்ந்து அவர் கேட்டதே இல்லை.

அவன் ஆட்டமோ வேறு மாதிரி இருந்தது. கடலோரத்தில் ஒரு சின்ன ராணி. அவளைக் கணினியே ஆட்டுவித்தது. அவன் அவள் மேல் படையெடுக்கவில்லை. முதலில் பரிசுகள் அனுப்பினான். பிறகு அவளுடைய நட்பு நாடுகளை ஒவ்வொன்றாக விலை பேசி விலக்கினான். அப்புறம் அவள் ஊருக்குப் போகும் வழிகளை அடைத்தான். கடைசியில் உப்பை நிறுத்தினான். ஒருநாள் ராணி தானாகவே கோட்டைக் கதவைத் திறந்து, திரையில் தலைகுனிந்து நின்றாள்.

"ஒரு அம்பு விட்டேனா, பாத்தீங்களா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "இடிச்சா திரும்பக் கட்டிக்குவாங்க அத்தை. தனக்கு யாருமே இல்லைன்னு அவங்களே நம்பணும். அப்புறம் நமக்கு வேலையே இல்ல."

அப்போது மகள் தேநீரோடு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். அவன் தலையசைத்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

பஸ்காரம்மா திரையை விட்டுவிட்டு மகளையே பார்த்தார்.

நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பெண் அவள். அந்தத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் சொன்னதும் வேலையை விட்டாள். தோழிகள் வாய்த்துடுக்கானவர்கள் என்று அவன் சொன்னான். அவர்கள் வருவது நின்றது. வீட்டுக்கு ஒரு போன் போதாதா என்றான். அவள் போன் போனது. இப்போது பஸ்காரம்மாவின் போனும் ரிப்பேருக்குப் போய்த் திரும்பவில்லை.

"யார்கிட்ட பேசணும் அத்தை? சொல்லுங்க, நானே போட்டுத் தரேன்" என்றான் அவன் கனிவாக.

மறுநாள் குளியலறையில், மாவுக்கட்டு நனையாமல் மகள் முதுகு தேய்த்துவிட்டபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு இங்க எப்படிடி இருக்கு?"

"அவர் நல்லவர்தாம்மா. என்மேல அக்கறை ஜாஸ்தி."

"அதைக் கேக்கல."

மகள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள்: "மூச்சு முட்டுதும்மா."

"அப்ப கிளம்பு."

"உன்னை இப்படிப் போட்டுட்டா?"

"என்னைக் கடிச்சுத் தின்னுடுவானா? பல்லுதான் போகும்."

மகள் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

அந்த வாரம் பஸ்காரம்மாவின் கண்டக்டர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். பல வருஷம் ஒரே பேருந்தில் வேலை பார்த்தவன். மாப்பிள்ளை அறையை விட்டு நகரவே இல்லை. பஸ்காரம்மா டிப்போ கதையெல்லாம் பேசிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஞாயித்துக்கிழமை மூணு மணி ட்ரிப்புக்கு இந்த ஸ்டாப்புல ஒரு ஆள் ஏறணும். நிறுத்தாம போயிடாதே."

ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு ட்ரிப்பே கிடையாது. கண்டக்டர் பஸ்காரம்மாவின் முகத்தைப் பார்த்தான். சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தான். "சரிக்கா" என்று எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அதுவரை வாளைத் தொடாத பஸ்காரம்மா, மாப்பிள்ளையின் தலைநகரத்தின் மேல் மொத்தப் படையையும் ஏவினார். போர் முரசு அறையை அதிர வைத்தது.

"என்ன அத்தை இது!" என்று அவன் திரையோடு ஒட்டிக்கொண்டான். கண்கள் பளபளத்தன.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க மாப்பிள்ளை. யானை பிளிறுறது நல்லா இருக்கு."

வாசல் கதவு என்றைக்கும் பூட்டியிருந்ததில்லை. பூட்ட வேண்டிய அவசியமே அவனுக்கு இருந்ததில்லை. மகள் வெறுங்கையோடு அதைக் கடந்து போனாள்.

பஸ்காரம்மாவின் படை அழிந்தது. ஒவ்வொரு ஊராக விழுந்தது. கடைசி ஊரையும் பிடித்த பிறகு அவன் தேநீர் கேட்டுக் குரல் கொடுத்தான். தேநீர் வரவில்லை. எழுந்து போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"எங்க அத்தை அவ?"

"போயிட்டா."

அவன் கத்தவில்லை. கட்டிலோரம் சாய்த்திருந்த ஊன்றுகோல் இரண்டையும் எடுத்துக்கொண்டான். "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பஸ்காரம்மா இரண்டு கைகளாலும் மெத்தையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பேரோடு பிரேக் பிடிக்காமல் மலையிறங்கியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

இருட்டுவதற்குள் கண்டக்டர் டிப்போ ஆட்கள் நான்கு பேரோடு வந்து அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. எல்லோரும் பார்க்க, மாப்பிள்ளை புன்னகையோடு வழிவிட்டான். பஸ்காரம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

மகள் கண்டக்டர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் மடியில் முகம் புதைத்து அழுதாள். கண்டக்டரின் மனைவி சோறு போட்டாள். மகள் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், கண்டக்டரின் போன் அடித்தது. அந்த எண்ணை மாப்பிள்ளைக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

"அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டது அந்தக் கனிவான குரல். "மெதுவா வரச் சொல்லுங்க."

மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை வாங்கி அணைத்தாள். பிறகு போய் வாசல் கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.